மேல் மாடியில் எறிந்த பொட்டலம், கீழ் மாடியில் மூடிய ஜன்னல்

(மான்குர்த்தில் ஞாயிறு மாலை நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரம் முழுவதும் ஓடி உழைத்துவிட்டு ஒரு நாள் ஓய்வாக இருக்கிற உங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நாங்கள் இன்று பேச வந்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பற்றி. மீன் செதிலும், முட்டை ஓடும், டீத்தூளும் போட்டு வாயை முடிச்சுப் போட்ட பொட்டலம். கால் கிலோ எடை இருக்கும். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். இது அரசியலா, அல்லவா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

போன மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், எந்த பில்டிங் என்பதும் வேண்டாம். தரைத்தளத்தில் ஒரே அறை. தாய் காலையில் இட்லி விற்கிறார். பத்தொன்பது வயது மகள் தையல் கார்கானாவில் நூல் வெட்டுகிற வேலை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல். பகல் பன்னிரண்டு மணி. வீட்டுக்குள் டியூப்லைட் எரிகிறது. ஜன்னலை மூடி, மேலே பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். “ஏன் தாயி, இருமுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஜன்னலை அடைக்கலாமா?” என்று கேட்டோம். புத்தி சொல்ல வந்தவர்கள் அல்லவா நாம்! அந்த அம்மா கோபப்படவில்லை. “நீங்களே திறந்து பாருங்க அண்ணாச்சி” என்றார்.

பலகையைப் பெயர்த்துத் திறந்தோம். எதிரே அடுத்த பில்டிங்கின் சுவர். இடையில் பத்தடி. அந்தப் பத்தடியில் ஜன்னல் கட்டை வரை குப்பை. அதற்கடியில் உடைந்த குழாயிலிருந்து ஒழுகிய கறுப்புத் தண்ணீர். பட்டப்பகலில் பெருச்சாளி நடந்து போகிறது. நாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த நாற்றம்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டலம் மேலிருந்து வந்து விழுந்து உடைந்தது. நிமிர்ந்து பார்த்தோம். இரண்டாவது மாடி ஜன்னலுக்குள் ஒரு கை போயிற்று. அந்தக் கையில் கிடந்த வளையல் எங்களுக்குத் தெரிந்த வளையல். நம் மாதர் குழுவில் முன்னால் நின்று கோஷம் போடுகிற சகோதரியின் கை.

அவரைக் குற்றம் சொல்ல இங்கே வரவில்லை. நாங்களும் எறிந்தவர்கள்தான். மாடியில் குடியிருந்த காலத்தில் இரவு பதினோரு மணிக்கு மேல், யாரும் பார்க்காதபோது, இந்தக் கையாலேயே எறிந்திருக்கிறோம். பொட்டலம் கையை விட்டுப் போனதோடு சரி, அது எங்கே போய் விழுகிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அன்று கீழே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒருத்தியின் ஜன்னலில் விழுகிறது என்று.

அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது காசநோய். டி.பி. என்கிறோம், நம் பாட்டிமார்கள் எலும்புருக்கி என்பார்கள். இது எப்படிப் பரவுகிறது என்பதில் நம்மிடையே பல தவறான எண்ணங்கள் இருக்கின்றன. தட்டைத் தனியாக வைக்கிறோம், டம்ளரைத் தனியாக வைக்கிறோம், பாயைத் தனியாகப் போடுகிறோம். கடைசியில் ஆளையே தனியாக வைத்துவிடுகிறோம். தட்டாலும் டம்ளராலும் துணியாலும் இந்த நோய் ஒட்டாது, தோழர்களே. நுரையீரலில் டி.பி. உள்ளவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளிகள் வெளியே வருகின்றன. கிருமி அதில் இருக்கிறது. காற்று ஓடாத அறையில் அந்தத் துளிகள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றை இழுக்கிறவருக்கு நோய் தொற்றலாம். ஜன்னல் திறந்து, எதிர்ப்பக்கமும் காற்று போக வழி இருந்தால் துளிகள் கலைந்து வெளியே போய்விடும். வெயில் பட்டால் கிருமி சாகும். ஆகவே டி.பி.க்குப் பிடித்த வீடு எது? இருட்டான, அடைத்த, ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிற வீடு. தட்டைத் தனியாக வைத்துவிட்டு ஜன்னலை ஆணி அடித்து மூடுகிறோம். வேண்டாததைச் செய்து, வேண்டியதை விட்டுவிடுகிறோம்.

இது நம் ஊகம் அல்ல. நம் கண்ணெதிரே இருக்கிற காலனிகளிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவத் தொண்டு அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் ஈடுபட்ட அந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டு, கோவண்டி நட்வர் பாரேக் காம்பவுண்டு, பி.எம்.ஜி. காலனி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் இருப்பவர்கள் ஏழைகள்தான். ஆனால் முதல் இரண்டில் கட்டடங்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் நெருக்கி நிற்கின்றன, பி.எம்.ஜி. காலனியில் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நெருக்கிக் கட்டிய இரண்டிலும் டி.பி. மிக அதிகம், பி.எம்.ஜி. காலனியில் குறைவு. அதிலும் வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ் மாடிகளில்தான் நிலைமை மோசம். ஆள் ஒன்று, வருமானம் ஒன்று, சாப்பாடு ஒன்று; கட்டடம் மாறினால் நோய் மாறுகிறது!

யார் இப்படிக் கட்டினார்கள்? கொஞ்சம் பழைய கதையைப் பார்க்க வேண்டும். ரயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. ஹார்பர் லைன் தண்டவாளத்தின் ஓரமாக, வண்டி போனால் சட்டி உருளுகிற தூரத்தில், நம் மக்கள் ஆயிரக்கணக்கில் குடிசை போட்டிருந்தார்கள். உலக வங்கிக் கடனோடு 2002-ல் மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் வந்தது. தண்டவாள ஓரத்திலிருந்தும் சாலை ஓரத்திலிருந்தும் பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து மான்குர்த்திலும் கோவண்டியிலும் குடியேற்றினார்கள். வீடு ஒவ்வொன்றும் 225 சதுர அடி. சிமெண்டுக் கூரை, உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். இரவில் டப்பா எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்குப் போன நம் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஏழைகளுக்கான கட்டடம் என்பதற்காக இடைவெளி விதிகளைத் தளர்த்தினார்கள். கூரை கொடுத்தார்கள், காற்றை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நகரத்துக்குக் காற்றைப் பற்றித் தெரியாது என்று எண்ண வேண்டாம். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதன் பிறகு 1898-ல் வெள்ளைக்காரன் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தினான். அதன் அதிகாரி ஜேம்ஸ் ஓர் என்பவர், வீடுகளில் வெளிச்சமும் காற்றும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு 1912-ல் ஒரு பேருரையே ஆற்றியிருக்கிறார். கீழ் அறையிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு 63½ பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது அவர்கள் விதி. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதியாவது இடைவெளி விட வேண்டும். ஐம்பதடிக் கட்டடத்துக்கு இருபத்தைந்து அடி. நூறாண்டுகளுக்கு மேல் கழித்து நமக்குக் கிடைத்திருப்பது பத்தடி!

அந்த டிரஸ்ட் போட்ட மனையில்தான் மாட்டுங்கா எழுந்தது. அங்கேயும் தமிழர்கள்தான் வந்து குடியேறினார்கள். படித்தவர்கள், அலுவலக வேலைக்காரர்கள். ஒரு நாள் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனால் அந்தப் பழைய மூன்று மாடி வீடுகளை நின்று பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்கிறது. ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே தோசை. ஆனால் நுரையீரல் வேறு.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். பத்தடி இடைவெளியைக் கொடுத்தது நாம் அல்ல. அந்தப் பத்தடியையும் அடைத்தது யார்? இங்கேதான் நம்மில் சிலருக்குக் கசக்கும். “பில்டிங்கையே தப்பாகக் கட்டியிருக்கிறான், நாம் குப்பை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன” என்று ஒரு தோழர் எங்களிடம் வாதாடினார். தவறு, தோழரே. மூன்று மீட்டர் இடைவெளியிலும் ஜன்னல் திறந்திருந்தால் கொஞ்சமாவது காற்று வரும். நாம் எறிகிற குப்பையின் நாற்றத்துக்கும் எலிக்கும் கொசுவுக்கும் பயந்து கீழ் மாடிக்காரர் அதையும் மூடிவிடுகிறார். அதிகாரி பாதிக் கழுத்தை நெரித்தான். மீதிப் பாதியை நாம் நெரிக்கிறோம்.

ஏன் எறிகிறோம்? சோம்பல் என்று மேல்தட்டுக்காரர் சொல்வார். பத்திரிகையில் எழுதுவார். நாங்கள் பில்டிங் பில்டிங்காகப் போய்ப் பெண்களிடமே கேட்டோம். ஒரு மதினி சொன்னார்: “செம்பூர்ல மூணு வீட்டு வேலை. ஆறு மணிக்கு இறங்கினா ரெண்டு மணிக்குத்தான் வாரேன். குப்பை வண்டி ஒன்பது மணிக்கு மேலதான் வருது. யார்கிட்ட குடுத்துட்டுப் போக?” லிஃப்ட் நின்று பல காலம் ஆயிற்று. படிக்கட்டில் விளக்கு இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வயசுப் பிள்ளையைக் கீழே அனுப்பத் தாய்க்குப் பயம். பக்கத்தில் தொட்டி இல்லை. வீட்டில் வைத்தால் காலைக்குள் எறும்பும் புழுவும். இருக்கிற 225 சதுர அடியில் குப்பைக்கு எந்த மூலையை ஒதுக்குவது? பழக்கம் என்பது ஆகாயத்திலிருந்து வருவதில்லை. வண்டி வரும் நேரத்திலிருந்தும், எரியாத விளக்கிலிருந்தும் வருகிறது. ஆனால் வந்து படிந்த பிறகு, விளக்கு எரிந்தாலும் அது போவதில்லை; அதுதான் அதன் குணம். விளக்கு நன்றாக எரிகிற பில்டிங்கிலும் எறிகிறார்கள். நாங்களே எண்ணிப் பார்த்தோம். ஒரு ஞாயிறு, ஒரே இடைவெளியில், ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு பொட்டலம்!

மதராஸிகள், பையாக்கள், வெளியூர்க்காரர்கள் வந்து பம்பாயை அசிங்கம் பண்ணிவிட்டார்கள் என்ற வசை நமக்குப் புதிதல்ல. நம் தகப்பன்மார் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். அந்த வசை சொல்கிறவர்களின் குப்பை எங்கே போயிற்று என்பதையும் கேட்க வேண்டாமா? 1927 முதல் இந்த நகரத்தின் குப்பை நம் பக்கத்துத் தேவ்னாரில் வந்து மலையாகக் குவிந்தது. கொலாபாவில் தின்றதும், பாந்த்ராவில் உடுத்தியதும், மலபார் ஹில்லில் வேண்டாமென்று தள்ளியதும் நம் வீட்டுப் பின்புறம் வந்து சேர்ந்தன. 2016 ஜனவரியில் அந்த மலை தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தபோது, விண்வெளியில் சுற்றும் செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புகை தெரிந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நம் குழந்தைகளை நெஞ்சில் தைலம் தேய்த்துத் தூங்க வைத்தோம். 2009-ல் மாநகராட்சி தானே வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கையில் மும்பையின் வார்டுகளில் கடைசி இடம் நம் எம் கிழக்கு வார்டுக்கு. மும்பை மேல் மாடி, நாம் கீழ் மாடி. எறிந்தவன் எட்டிப் பார்க்கவில்லை. அதை நினைத்து நமக்கு ஆத்திரம் வருகிறது அல்லவா? அதே ஆத்திரம் பிளைவுட் பலகைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தாய்க்கு நம் மேல் வருவதற்கும் நியாயம் இருக்கிறது.

என்ன செய்வது? இதற்கும் நம் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிருந்து டிராம்பே போகும் வழியில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். கோலார் தங்கவயலிலிருந்து 1963-ல் பம்பாய்க்கு வந்த ஜாக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் அங்கே தச்சு வேலை செய்துகொண்டு, தெருவில் படுத்துக்கொண்டு, குழந்தைகளுக்குப் பாட்டும் பாடமும் சொல்லிக் கொடுத்துவந்தார். காலனியில் குப்பை அள்ளுவாரில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? குழந்தைகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கையில் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துப் போய் முனிசிபல் அலுவலக வாசலில் போட வைத்தார். அதிகாரிகள் இறங்கிவந்து பேசினார்கள். அதே ஜனதா காலனியை 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, பக்கத்து அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டுமென்று இடித்து, சுமார் 70,000 பேரைச் சீட்டா கேம்புக்கு விரட்டினார்கள் என்பது வேறு வேதனை. அற்புதம் அதோடு ஓயவில்லை. குடிசைவாசிகளைத் திரட்டியதற்காக 2000-ல் மகசேசே விருது அவர் வேலைக்குக் கிடைத்தது. 2018-ல் மறைந்தார். அந்தக் குப்பை ஊர்வலத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசலில் கொண்டுபோய்ப் போடுவதற்கு முன்னால் குப்பையைக் குனிந்து அள்ளினார்கள். அள்ளிய கைதான் கேள்வி கேட்டது.

நாங்களும் அந்த வரிசையில்தான் யோசித்திருக்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முகப்பில் மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று. ஈரக்குப்பை அதில். பிளாஸ்டிக், அட்டை, பாட்டில் எல்லாம் தனிச் சாக்கில். அது பங்கார் கடைக்குப் போகும், வருகிற பணம் படிக்கட்டு விளக்குக்கு. டிரம்மை இறக்குவது மாடிக்கு இரண்டு வீடு என்று முறை வைத்து. ஆண்கள் முறை, பெண்கள் முறை என்று இல்லை. வீட்டு முறை, வீட்டில் ஆண் இருந்தால் ஆண் இறக்கட்டும், மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது. குப்பை வண்டி காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை வர வேண்டும், இடைவெளிக்குள் ஒழுகும் குழாய்களை மாற்ற வேண்டும், லிஃப்ட் ஓட வேண்டும் என்று மனு தயாராகிறது. டேப் பிடித்து அளந்த இடைவெளிக் கணக்கை அதோடு இணைக்கிறோம். இனி மான்குர்த்தில் எழும் எந்தக் கட்டடமும் மூன்று மீட்டரில் எழக் கூடாது என்பதும் மனுவில் இருக்கிறது. அது நம் காலத்தில் முடிகிற போராட்டமா தெரியாது, எழுதி வைக்கிறோம்.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கவில்லை. அவள் மருந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. ஊரில் கோயில் கொடை. குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார்கள். மாத்திரை இங்கேயே அலமாரியில். “அதான் சரியாயிட்டுதே” என்று நினைத்தார்கள். ஊரில் நாற்பது நாள். திரும்பி வந்தபோது காய்ச்சலும் கூடவே வந்தது. இப்போது பழைய மாத்திரை கேட்கவில்லை. மருந்துக்கு அடங்காத வகை என்று சொல்லி வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் கடுமையான மருந்து. வயிற்றைப் புரட்டுகிறது, வேலைக்குப் போக முடியவில்லை.

இது நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய ஆபத்து, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் மருந்து. இருமல் நிற்பது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல. நடுவில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். ஊருக்குப் போக வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. போகும் முன் மருந்து தரும் இடத்தில் சொல்லுங்கள். நிக்ஷய் என்று உங்கள் பெயரில் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைக் காட்டினால் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு ஆஸ்பத்திரியில் அதே சிகிச்சை இலவசமாகத் தொடரும். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் என்றிருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். பேங்க் கணக்கு இல்லாததால் வாங்காதவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். பாரம் நிரப்பித் தருகிறோம். 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று டில்லியில் முழங்கினார்கள். அந்த ஆண்டு போய்விட்டது, நோய் போகவில்லை. ஆகவே வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்வோம்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானட்டோரியத்துக்கு அனுப்புவார்கள். 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகளில் பாதிப் பேரை சானட்டோரியத்திலும், பாதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. நோயாளியைச் சானட்டோரியத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்பதற்கு அது உலகத்துக்கே சான்றாயிற்று. மருந்தை ஒழுங்காக விழுங்குகிறவர் சீக்கிரமே பிறருக்குப் பரப்பாதவராகிவிடுகிறார். சென்னையின் ஏழை வீடுகளில் நிரூபித்த உண்மை இது. ஆகவே மகளுக்கு டி.பி. என்றால் மறைக்காதீர்கள், கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்று ஒளிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. பீடி குடிக்கிற அண்ணன்மாருக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் முதலில் போகட்டும்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதல் இடைவெளியைத் துப்புரவு செய்யப் போகிறோம். எந்த பில்டிங் முதலில் என்பதைக் கீழ் மாடிக்காரர்கள் இப்போதே சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். மேல் மாடிக்காரர்களுக்கு இதில் ஓட்டு இல்லை. சிறு பிள்ளைகள் வரக் கூடாது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் உள்ளே கிடக்கின்றன. கழிவுநீர்க் குழிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அந்த வேலைக்கு மனிதனை இறக்குவதை 2013-ல் வந்த சட்டம் தடுக்கிறது, அதற்கு இயந்திரம் கேட்டு வாங்குவோம். ரப்பர் பூட்ஸ் இருபது ஜோடி, கையுறை, முகத்துணி எல்லாம் சங்கச் செலவு. மண்வெட்டியும் கமேலாவும் இருப்பவர்கள் கொண்டுவர வேண்டும். அந்த வளையல் கைச் சகோதரி இரண்டு கமேலா தருவதாகச் சொல்லி முதல் பெயராகப் பதிந்திருக்கிறார். இந்தக் கதையை மேடையில் சொல்லுங்கள் என்று அனுமதி கொடுத்ததும் அவரே. பூட்ஸ் அளவு எழுதும் நோட்டு வாசலில் மேசை மேல் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.